ஏழு பேர், பதின்மூன்று கில்ட்

நேராகவே பாருங்கள் சார். ஜன்னலைப் பார்ப்பதுபோல் பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். நாகர்கோவிலில் ஏறியதிலிருந்து இந்த பஸ்ஸில் பதினொரு பேர் என் முழங்காலைப் பார்த்துவிட்டார்கள். நீங்கள் பன்னிரண்டாவது. நான் தப்பாக நினைக்கவில்லை. அறுபத்தொன்பது வயது ஆள், மீசை நரைத்தவன், சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட துணியை முழங்கால் வரைக்கும் கட்டிக்கொண்டு, மடியில் பெரிய டிரம்மை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள்.

இது பாவாடை இல்லை சார். கில்ட். முன்பக்கம் சமமாக இருக்கும். பின்பக்கம் இருபத்தேழு மடிப்பு. காலையில் நான்தான் தேய்த்தேன். இருபத்தேழும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். வெளிநாட்டில் ஸ்காட்லாந்து என்று ஒரு இடம் இருக்கிறதாம், அங்கே ஆண்பிள்ளைகள் கட்டுகிற உடை. எங்கள் ஊர் ஞானமுத்து பட்டாளத்து பேண்டில் இருந்தவர். அவர் ஓய்வுபெற்று வரும்போது இரண்டு கில்ட்டும் ஒரு பேக்பைப்பும் கொண்டுவந்தார். பேக்பைப் என்றால் தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊதுகிற குழல். அதைப் பார்த்துத்தான் எங்கள் பேண்டு உண்டாயிற்று. பேக்பைப் மூன்று, சின்ன டிரம் இரண்டு, ஜால்ரா ஒன்று, பெரிய டிரம் ஒன்று. மொத்தம் ஏழு பேர். பெரிய டிரம் நான். பெயர் கஸ்பார். ஊர் நண்டுத்துறை.

மற்ற ஆறு பேரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். இன்றைக்கு குளச்சல் பக்கம் ஒரு கோயிலில் கொடியேற்றம். வேனில் டிரம்முக்கு இடம் இருந்தால் எனக்கு இடம் இல்லை, எனக்கு இடம் இருந்தால் டிரம்முக்கு இல்லை. அதனால் நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வருகிறோம்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். நாலு பேர் கூடினால் நான் பின்னால் போய் நிற்பேன். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தது கிடையாது, என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் ஏறின உடனே நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்களே, "நீங்கதானா அந்த கோல்போஸ்ட் பேண்டு?" என்று. அதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா வர முடியாது. இறங்க இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எண்ணிக்கை எதிலும் தப்பு வராது.

போன வருஷம் மே மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் மைதானத்தில் கால்பந்து இறுதி ஆட்டம். எங்களுக்கும் புன்னைத்துறைக்கும். கடற்கரை ஊர்களில் கால்பந்து என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மீன் படாவிட்டாலும் சோறு இறங்கும், ஆட்டம் தோற்றால் இறங்காது. பேண்டு கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், நம் ஊர் கோல் போட்டால் வாசிக்க வேண்டும் என்று கமிட்டி சொல்லியிருந்தது.

புன்னைத்துறை ரசிகர்கள் மூன்று லாரியில் வந்தார்கள். நூற்று நாற்பத்திரண்டு பேர். காலை பத்து மணிக்கே ஆரம்பித்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஒருவர் மைதானத்தின் மூலையில் நட்டிருந்த கொடிக்கம்பின் தோளில் கைபோட்டுக்கொண்டு, அதற்கு ஆட்டத்தை விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். கம்புக்கு ஏது தோள் என்று கேட்காதீர்கள், அவருக்கு இருந்தது. இன்னொருவர் பிரேசில் தோற்றுப்போய்விட்டது என்று தேம்பித் தேம்பி அழுதார். அன்றைக்கு பிரேசில் எங்கேயும் ஆடவில்லை. எங்கள் ஊர்க்காரர்களும் குடித்திருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர் ரசிகர்களிடம் ஒரு ஒழுங்கு உண்டு. விழுந்தால் எல்லாரும் ஒரே பக்கமாக விழுவார்கள்.

நான் குடிக்கிறவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பங்கில், அதாவது கோயிலைச் சேர்ந்த ஜனத்துக்குள், மதுவிலக்கு சபை இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக அதற்கு நான்தான் செயலாளர். உறுப்பினர் மூன்று பேர்.

அன்றைக்கு வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கில்ட் கம்பளித் துணி சார். மேலே கோட்டு, காலில் முழங்கால் வரைக்கும் உறை. இடைவேளையில் டீ வரும் என்றார்கள், வரவில்லை. அப்போது புன்னைத்துறைக்காரர் ஒருவர், நல்ல மனுஷன், கையில் பெரிய மண்கலயத்தோடு வந்தார்.

"இந்த வெயில்ல நின்னு அடிக்கியளே தாத்தா. ஒரு பட்டை அக்கானி குடியுங்க" என்றார்.

பதநீரைத்தான் எங்கள் பக்கம் அக்கானி என்போம். பனையோலையை மடித்துப் பட்டை செய்து அதில் ஊற்றிக் கொடுத்தார். எதிர் ஊர்க்காரன் என்று பார்க்காமல் கொடுக்கிறாரே என்று வாங்கிக் குடித்தேன். கொஞ்சம் புளிப்பாக இருந்தது. நுரையும் இருந்தது. வெயிலுக்கு நல்லது என்றார். பதினொரு பட்டை குடித்தேன்.

அது கள்தானே என்று கேட்கிறீர்கள். இதுவரை ஆறு பேர் கேட்டுவிட்டார்கள், நீங்கள் ஏழாவது. சார், நான் பனங்காட்டுப் பக்கத்தில் பிறந்தவன். கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது அக்கானி. தடவாமல் கட்டினால் கள். இது எங்கள் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் குடிக்கும் முன்னால் கலயத்தை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். வெளியே அடியிலிருந்து வாய் வரைக்கும் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. ஒரு விரல் இடம் விடாமல் பூசியிருந்தார்கள். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன சோதனை செய்ய முடியும்?

உள்ளே பார்த்தேனா என்றால், உள்ளே அக்கானி இருந்தது சார். எப்படிப் பார்ப்பது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது பாதி தொடங்கிக் கால்மணி நேரம் இருக்கும். அங்கேதான் அநியாயம் ஆரம்பித்தது. முதல் அநியாயம், நடுவர் மைதானத்தில் இரண்டு பந்தை விட்டார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உருண்டன. யாரும் கேட்கவில்லை. எழுபத்தெட்டாவது நிமிஷத்தில் எங்கள் ஊர்ப் பையன் உதைத்தான், இரண்டு பந்தும் வலைக்குள் போயின. என் கணக்கில் அது இரண்டு கோல். பலகையில் ஒன்று என்று எழுதினார்கள். நான் பிற்பாடு கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நாங்கள்தானே ஜெயித்தோம், பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது அநியாயம்தான் பெரியது. கோல் விழுந்ததும் வாசிக்க வேண்டுமே என்று எங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தேன். பேக்பைப் ஊதுகிற எஸ்தாக்கி நிற்கிறான். அவனும் நானும் நாற்பது வருஷமாகச் சேர்ந்து வாசிக்கிறோம். அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு எஸ்தாக்கி நிற்கிறான். அதே உயரம், அதே வழுக்கை, அதே பேக்பைப். ஜால்ரா போடுகிற பர்னபாஸ், நூற்றுநாலு கிலோ. அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு நூற்றுநாலு கிலோ. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன். இடமிருந்து வலம் ஒருமுறை, வலமிருந்து இடம் ஒருமுறை. இரண்டு முறையும் பன்னிரண்டு. என்னைச் சேர்த்தால் பதின்மூன்று. கில்ட் கட்டின பதின்மூன்று பேர்.

நாங்கள் ஏழு பேர் சார். மற்ற ஆறு பேர் யார்?

எங்களைப் போலவே ஆள் தேடிப் பிடித்து, எங்களைப் போலவே கில்ட் தைத்துக் கட்டி, எங்கள் பெயரைக் கெடுப்பதற்காகக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். என்ன ஒரு ஏற்பாடு. எஸ்தாக்கியின் காதுக்குக் கீழே ஒரு மரு உண்டு. அதைக்கூட விடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஊர் சொல்கிறது. கில்ட் கட்டின ஒருவன் கோல்போஸ்ட்டில் ஏறினான். குறுக்குக்கம்பியில் நின்றுகொண்டு பெரிய டிரம்மை அடித்தான். பிறகு முழங்காலைக் கம்பியில் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினான். தலைகீழாகத் தொங்கினால் கில்ட் என்ன செய்யும்? அதுவும் தலைகீழாகத்தானே தொங்கும். கில்ட்டுக்கு உள்ளே என்ன போடுவார்கள் என்று உலகத்தில் எல்லாருக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறதாம். நண்டுத்துறையிலும் புன்னைத்துறையிலும் அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

இதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம். மைதானத்தில் இருந்த எல்லாரும் அவனைப் பார்த்திருக்கிறார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை. எவ்வளவோ தேடினேன். அப்போது நான் கொஞ்சம் உயரமான ஒரு இடத்தில் இருந்தேன், எல்லாத் தலையும் நன்றாகத் தெரிந்தது. வரிசை வரிசையாக எண்ணினேன். எண்ணூற்று இருபத்துநாலு. அத்தனை முகமும் என் பக்கமாகவே பார்த்துச் சிரித்தன. நானும் எனக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருவனும் இல்லை. கொஞ்ச நேரம் அந்த முகங்கள் எல்லாம் தலைகீழாகவும் தெரிந்தன. ஜனங்கள் அப்படிக் குடித்திருந்தார்கள்.

மறுநாள் காலை விழித்தபோது தொடை இரண்டிலும் சிராய்ப்பு. வலது தொடையில் ஏழு கோடு, இடது தொடையில் ஐந்து. கூட்டத்தில் யார் கால் எங்கே பட்டதோ. என் மனைவி திரேசம்மாள் பதினோரு மணி வரைக்கும் என்னோடு பேசவில்லை. அந்த ஆறு பேர் மேல் அவளுக்கு அவ்வளவு கோபம்.

டிரம் வீட்டில் இல்லை. போய்ப் பார்த்தால் குறுக்குக்கம்பியில் வாரோடு தொங்குகிறது. ஏணி வைத்து நாலு பேர் இறக்கினார்கள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எங்கே போனாலும், "கில்ட் கட்டினவனா, அப்போ குடிகாரன்தான்" என்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் மதுவிலக்கு சபைச் செயலாளர். என்னைப் பார்த்து. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குப் பேரவையில் தீர்மானம் போட்டார்கள். வருகிற ராயப்பர் திருவிழாப் பவனியில், புனித பேதுருவைத்தான் ராயப்பர் என்போம், பேண்டுக்காரர்கள் கில்ட் கட்டக் கூடாது, கறுப்பு முழுக்கால்சட்டை போட்டு வர வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் ராயப்பர் பவனியில் முன்னால் நடந்தவன் நான். சார், உங்களிடம் சொன்னால் என்ன. கால்சட்டையோ வேட்டியோ கட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்க என்னால் முடியாது. வாசகம் வாசிக்கச் சொல்லி ஒருமுறை என்னைப் பீடத்தில் ஏற்றினார்கள், ஒரு வரி வாசிப்பதற்குள் இறங்கி வந்துவிட்டேன். ஆனால் இதைக் கட்டி டிரம்மை மாட்டிவிட்டால் அந்தக் கஸ்பார் எங்கேயோ போய்விடுவான். எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் எனக்குப் பயம் கிடையாது. கால்சட்டையோடு நடக்கச் சொன்னால் டிரம்மைக் கோயிலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது ஒன்றுதான் வழி. அப்படியே எஸ்தாக்கியிடம் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீரு மனசை விடாதேயும் ஓய்" என்று மட்டும் சொன்னான்.

பேரவையில் முறையிட எங்களுக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். ஜூன் எட்டு. நாங்கள் ஏழு பேரும் போனோம். பங்குச்சாமியார் ஃபாதர் வில்பிரட் சின்ன வயசுக்காரர், நல்ல குணம். பேரவைச் செயலாளர் லியோன் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எனக்கு ஒரு வயது இளையவர், ஆனால் யாரைப் பார்த்தாலும் பெஞ்சு மேல் ஏற்றிவிடுகிற பார்வை.

லியோன் சார் முதலில் தன் போனில் ஒரு படம் காட்டினார். வெளிநாட்டில் கால்பந்து பார்க்கப் போன ரசிகர்கள், எல்லாரும் கில்ட். நடுத்தெருவில் பாடுகிறார்கள், போலீஸ்காரரைக் கட்டிப் பிடித்து ஆடுகிறார்கள், ஒரு நீரூற்றுத் தொட்டியில் விழுகிறார்கள்.

"இந்தத் துணியோட லட்சணமே இதுதான் ஃபாதர். கட்டினவன் உலகத்துல எங்க இருந்தாலும் குடிப்பான், ஆடுவான்" என்றார்.

நான் அந்தப் படத்தை இன்னொரு முறை போடச் சொன்னேன். போட்டார். மூன்றாவது முறையும் போடச் சொன்னேன். பிறகு எழுந்து நின்று சொன்னேன். ஃபாதர், இந்தப் படத்தில் கில்ட் கட்டினவர்கள் முப்பத்தெட்டு பேர். தொட்டியில் விழுந்தவர்கள் ஒன்பது பேர். இருபத்தொன்பது பேர் விழவில்லை. விழுந்த ஒன்பது பேரும் ஒரே தாளத்தில் பாடிக்கொண்டே விழுந்தார்கள். போன கிறிஸ்துமஸ் அன்று நம் கோயில் குளத்தில் விழுந்தவர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் கட்டியிருந்தது கைலி. பாட்டும் கிடையாது. கைலியைத் தடை செய்வோமா?

லியோன் சார் அன்றைக்குக் கட்டியிருந்தது கைலி. ஃபாதர் குனிந்து மேஜையில் எதையோ தேடினார்.

அடுத்து பதின்மூன்று கணக்கைச் சொன்னேன். ஆறு பேர் போலிகள், ஒவ்வொருவரும் யாரைப் போல இருந்தார், எங்கே நின்றார், எல்லாம். லியோன் சார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மற்ற ஆறு பேருக்கும் ஒரு போலி இருக்கும்போது கஸ்பாருக்கு மட்டும் ஏன் போலி இல்லை என்று கேட்டார். நல்ல கேள்விதான். நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன். குடிக்காதவன் என்று ஊரறிந்த ஆளைப் போல ஒருவனை விட்டால் யார் நம்புவார்கள்? அதனால் விடவில்லை.

"அப்போ கம்பியில ஏறி டிரம் அடிச்சவன் யாரு?" என்றார்.

அவனை நான் பார்க்கவில்லை, பார்க்காததை எண்ணிக்கையில் சேர்ப்பது என் வழக்கம் இல்லை என்றேன். ஆனால் ஒன்றை ஒத்துக்கொண்டேன். நிமிஷத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு அடி, ஒன்றுகூடப் பிசகவில்லை என்று கேட்டவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். இந்த ஜில்லாவில் அப்படி அடிக்கிறவன் என்னைத் தவிர இன்னொருவன் இருக்கிறான் என்பது எனக்கே புதிய செய்தி.

ஃபாதர் என்னையே பார்த்தார். லியோன் சார் பேனா மூடியைத் திறந்தார். அப்போதுதான் எஸ்தாக்கி எழுந்தான்.

"ஃபாதர், ஏறினது நாந்தான். பேரை எழுதிக்கிடுங்க" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பது வருஷச் சிநேகிதன், பேண்டுக்காக ஒரு பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். அதற்காகப் பொய்யைப் பொய் என்று சொல்லாமல் இருக்க முடியுமா? ஃபாதர், இவனுக்கு இடுப்பில் ஆபரேஷன் செய்து தகடு வைத்திருக்கிறது என்றேன். கோயில் வாசலில் மூன்று படி. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவான். குறுக்குக்கம்பி எட்டு அடி. அது மட்டும் இல்லை, அந்த நேரம் முழுவதும் பேக்பைப் நிற்கவில்லை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதை ஊத முடியாது.

"நீரு இரியும் ஓய்" என்று எஸ்தாக்கி என் கோட்டைப் பிடித்து இழுத்தான். நான் உட்காரவில்லை.

பர்னபாஸ் எழுந்தான். நாந்தான் ஃபாதர் என்றான். நூற்றுநாலு கிலோ, கம்பி என்கிறோமே தவிர அது சவுக்குக் கட்டை, இரண்டாக முறிந்திருக்கும் என்றேன். எஸ்தாக்கியின் தம்பி பிள்ளைகள் இரண்டு பேர் சின்ன டிரம் அடிக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்தார்கள். அந்த நேரத்தில் ஒருவன் லைன்ஸ்மேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான், இன்னொருவன் அவனைப் பிடித்துக்கொண்டிருந்தான், லைன்ஸ்மேன் கொடுத்த புகார் லியோன் சாரின் கோப்பிலேயே இருக்கிறது என்றேன். இரண்டாவது பேக்பைப் மரியசிலுவை எழுந்தார். கட்டிலிலிருந்து விழுந்த பயத்தில் ஒன்பது வருஷமாகத் தரையில் படுக்கிற மனுஷன். அதைச் சொன்னேன். கடைசியாக மூன்றாவது பேக்பைப் அல்போன்ஸ். இடைவேளை முடிந்ததிலிருந்து கோலுக்குப் பின்னால் குப்புறக் கிடந்து தூங்கினான், அவனை மிதித்துக்கொண்டு போனவர்கள் ஆறு பேர், பெயர் வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன்.

ஆறு வாக்குமூலம், ஆறும் பொய். ஒவ்வொன்றாக உடைத்துவிட்டேன். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நாலு பேர் முன்னால் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. அன்றைக்கு நான் கட்டியிருந்ததும் கில்ட்தான்.

ஆகவே ஃபாதர், ஏறினவன் எங்கள் ஏழு பேரில் ஒருவனும் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது என்று முடித்தேன்.

லியோன் சார் மெதுவாகச் சொன்னார். "ஆறு பேரைத்தான் சொன்னீரு ஓய்."

என் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிறாராம். ஏழாவது ஆள் நான்தானே சார் என்றேன். நான் முழு நேரமும் அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தவன்.

"நான் ஏறியிருந்தா மொதல்ல பாத்திருப்பது நாந்தானே?" என்றும் கேட்டேன்.

ஃபாதர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அங்கியின் தோள் குலுங்கியது. எங்களுக்கு நேர்ந்த அவமானத்தை நினைத்து அழுகிறார் என்று நானும் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் பக்கத்தில் ஆறு பேரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எஸ்தாக்கியின் கை இன்னும் என் கோட்டைப் பிடித்தபடியே இருந்தது.

ஃபாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். கில்ட் கட்டலாம். தீர்மானம் ரத்து. லியோன் சார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், ஃபாதர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கஸ்பார் ஐயா, ஒரு நிபந்தனை. அந்த ஆறு பேரும் திரும்ப உங்க கண்ணுல பட்டா, நீங்க எதுவும் செய்யக் கூடாது. அந்த இடத்துலயே, அப்படியே உட்கார்ந்துடணும். நான் வந்து எழுப்புற வரைக்கும் எழும்பக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். புத்திசாலி ஃபாதர். நாம் உட்கார்ந்துவிட்டால் நிற்கிறவர்கள் யாரோ அவர்கள் போலி. உடனே பிடித்துவிடலாம்.

ஜூன் இருபத்தொன்பது, ராயப்பர் திருவிழா. முப்பத்திரண்டாவது வருஷம், கில்ட்டோடு. பவனியில் நாங்கள் ஏழு பேரும் முன்னால். பின்னால் தேர். தேருக்குப் பின்னால் ஜனம். ஊர் இன்னும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மூன்று பேர் கையால் கோல்போஸ்ட் மாதிரி காட்டினார்கள். நான் நேராகப் பார்த்து அடித்துக்கொண்டு போனேன்.

தெற்குத் தெருவில் புன்னைத்துறைக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். பழைய சண்டையை மறந்து பவனிக்கு வந்திருக்கிறார்கள். எனக்கு அக்கானி கொடுத்தார்கள். கலயத்தைச் சுற்றிப் பார்த்தேன். வெளியே முழுக்கச் சுண்ணாம்பு, குறையே சொல்ல முடியாது. ஒன்பது பட்டை.

மைதானத்தைத் தாண்டும்போது தாளத்தைச் சரிபார்க்கத் திரும்பினேன். எஸ்தாக்கி இரண்டு. பர்னபாஸ் இரண்டு. எண்ணினேன். பன்னிரண்டு.

வந்துவிட்டார்கள் சார். ராயப்பர் பவனிக்குள்ளேயே.

ஓடிப்போய் ஒருவனையாவது பிடிக்கலாமா என்று தோன்றியது. ஆனால் சத்தியம் பண்ணியிருக்கிறேன். டிரம்மை மார்போடு அணைத்துக்கொண்டு நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்தேன். கில்ட்டில் நினைத்தபடி உட்கார முடியாது, மானத்தைக் காக்க வேண்டும். அதனால் முழங்காலைத் தரையில் ஊன்றித்தான் உட்கார்ந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

பெரிய டிரம் நின்றது. டிரம் நின்றதும் பேண்டு நின்றது. எஸ்தாக்கி ஓடி வந்து என் பக்கத்தில் முழங்கால் போட்டான், அந்த இடுப்போடு. மற்ற ஐந்து பேரும் முழங்கால் போட்டார்கள். பாட்டு நின்றது, தேர் நின்றது. பின்னால் வந்த ஜனம் பார்த்தது. கில்ட் கட்டினவர்கள் ராயப்பருக்கு முன்னால் தெருவில் முழங்காலில் நிற்கிறார்கள். ஒரு கிழவி முழங்கால் போட்டாள். அவளைப் பார்த்து அவள் வரிசை. அப்படியே கடைசி வரைக்கும். கையால் கோல்போஸ்ட் காட்டினவர்களும் கடலோரம் வரைக்கும் மண்ணில் முழங்கால் போட்டார்கள். சில பேர் அழுதார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

ஃபாதர் தேருக்குப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். என் மேல் குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"எத்தனை பேரு?"

"பன்னிரண்டு ஃபாதர்" என்றேன்.

"அப்போ கொஞ்ச நேரம் இப்படியே இருப்போம்" என்று அவரும் என் பக்கத்தில் முழங்கால் போட்டுவிட்டார்.

இருபத்தாறு நிமிஷம் இருந்தோம். அதற்குப் பிறகு எண்ணும்போது ஆறு பேர்தான் இருந்தார்கள். பயந்து ஓடிவிட்டார்கள். ஃபாதர் என்னை எழுப்பினார், பவனி போயிற்று.

இப்போது அது வழக்கமாகிவிட்டது. பேரவையில் தீர்மானமே போட்டுவிட்டார்கள், எழுதினவர் லியோன் சார். இந்த வருஷத்திலிருந்து மைதானத்துக்கு முன்னால் பேண்டு முழங்கால் போட வேண்டும், ஜனமும் போட வேண்டும், இருபத்தாறு நிமிஷம். கில்ட் கட்டினவர்களைப்போல பக்தி யாருக்கும் வராது என்று சுற்றி நாலு ஊரில் பேச்சு. இன்றைக்கு இந்தக் கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டதும் அதைக் கேள்விப்பட்டுத்தான்.

அன்றைக்கு முழங்காலில் இருந்தபடியே ஜனத்தையும் எண்ணினேன் சார், வரிசை வரிசையாக. எங்கள் பங்கில் எல்லாரும் சேர்ந்து ஆயிரத்து முந்நூற்றுப் பத்து பேர். அன்றைக்குத் தெருவில் முழங்கால் போட்டவர்கள் இரண்டாயிரத்து அறுநூற்று இருபது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை, சரியாக இரண்டு மடங்கு. கில்ட்டுக்காக வெளியூரிலிருந்து அவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள்.